சாயத் தண்ணீரை வெயிலே சுத்தம் செய்யுமா?

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக என் மகள் மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் நீலமே போய்விட்டது. இதையே எங்கள் ஊர் சாயப்பட்டறைகளில் செய்தால் என்ன? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்தப் பொடி பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடாகத்தான் இருக்கும், சுவர் பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தருகிற அதே பொருள். புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்பும், அது காலி செய்த இடம் தண்ணீரிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், அப்போது பிறப்பதுதான் எதோடும் சட்டென்று வினைபுரியும் ஹைட்ராக்சில் ராடிக்கல். சாயம், பீனால், பூச்சிமருந்து என்று அகப்பட்ட கரிமப் பொருளையெல்லாம், அதாவது கார்பனால் ஆனவற்றையெல்லாம், அது துண்டு துண்டாக உடைக்கும். போதுமான நேரம் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், கொஞ்சம் உப்புகள் என்ற அளவுக்குக் கொண்டுபோய்விடும், பொடியும் செலவாகாது. இதே பொருளை வைத்து ஒளியால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று ஜப்பானில் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே வாசல் திறந்தது.

ஆனால் நிறம் போனதும் விஷமும் போய்விட்டது என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். துணிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை, இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்கிற இடத்தில் அறுந்தாலே நிறம் மறைந்துவிடும், மிச்சமிருக்கும் பென்சீன் வளையத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கும். அவற்றில் சில சாயத்தைவிடக் கெட்டவை. உங்கள் மகள் இரண்டு விஷயம் செய்யட்டும். அதே கலவையை இன்னொரு பாத்திரத்தில் இருட்டிலும் வைத்துப் பார்க்கட்டும், ஏனென்றால் சாயத்தில் ஒரு பங்கு உடையாமல் பொடியில் ஒட்டிக்கொண்டே காணாமல் போகும். அப்புறம், தண்ணீரில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு என்று முன்னும் பின்னும் ஒரு ஆய்வகத்தில் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண் இறங்கினால்தான் சுத்தம்.

சரி, சாயப்பட்டறைக்கு வருவோம். அங்கிருந்து வரும் தண்ணீர் அடர்ந்த நிறத்தில் இருக்கும், வெளிச்சம் மேலாக நின்றுவிடும், அடியில் இருக்கிற பொடிக்கு வேலையே கிடைக்காது. வெயிலிலும் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் உப்பு. பருத்தியில் சாயம் ஏற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள், அதன் குளோரைடு ராடிக்கல்களைப் பிடித்துத் தின்றுவிடும், உப்போ கரிமப் பொருள் இல்லை, எந்த ஒளிவினையூக்கியாலும் (வெளிச்சத்தில் வேலை செய்யும் இப்படிப்பட்ட பொடியாலும்) அதை உடைக்க முடியாது. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள வயல்களையும் நாசமாக்கியதில் பெரும்பங்கு இந்த உப்புக்குத்தான். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் இயந்திரங்களும் சாயப்பட்டறைகளுக்குக் கட்டாயத் தேவை ஆனதற்கும் காரணம் அதுவே. அவற்றைத் தூக்கிவிட்டு வெயிலை மட்டும் நம்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காக இது உதவாத விஷயமும் இல்லை. நுண்ணுயிர்களால் தின்ன முடியாத பூச்சிமருந்து, மருந்துக் கழிவு போன்றவை கொஞ்சமாக மிஞ்சியிருக்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்கு ஏற்ற இடம். ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆய்வு மையத்தில் பல வருஷமாக இதை வெயிலிலேயே பெரிய அளவில் சோதித்துவருகிறார்கள், அங்கே இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தும் முறையும் நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ரசாயன வாடை வருகிறது. இந்தப் பொடியை வாங்கி டேங்கில் போடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டவே வேண்டாம். மூடிய டேங்கில் வெளிச்சமே இல்லை, மாவு போன்ற அந்த நுண்பொடி அடியில் படியாமல் குழாய் வழியாகக் குடத்துக்கு வந்துவிடும், சாதாரண வடிகட்டியிலும் நிற்காது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் முறையும் கிருமிகளுக்குத்தான், ரசாயனத்துக்கு இல்லை. முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மட்டும் பார்த்தால் போதாது, கரிம ரசாயனங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சினால் சரியாகிவிடும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள் அம்மா.