பின்பக்கத்தைப் பிரித்து இரண்டாவது வீடு: முதலில் யாரிடம் போவது?

வீட்டு மனையின் பின்பக்கத்தைத் தனி மனையாகப் பிரித்து இரண்டாவது வீடு கட்ட நீங்கள் கொடுத்த மனு திரும்பிவிட்டது, இனி முதலில் யாரிடம் போவது என்று கேட்கிறீர்கள். வீட்டு வரைபடத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் நடுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வந்தபிறகு வீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் மனு திரும்பியதற்குப் பெரும்பாலும் தெருவிலிருந்து பின்மனைக்குப் போகும் வழிதான் காரணமாக இருக்கும். பக்கச் சந்து 3 மீட்டர் என்கிறீர்கள். சுவருக்குச் சுவர் அளந்திருந்தால் அது கணக்கில் நிற்காது. படிக்கட்டு, மழைநீர்க் குழாய், மீட்டர் பெட்டி எல்லாம் கழித்து, மிகக் குறுகலான இடத்தில் அளந்து பாருங்கள்.

அடுத்தது கழிவுநீர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தெருவோரச் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று சர்வேயரிடமே குறித்து வாங்குங்கள். 60-க்கு 1 சரிவு என்றால், 30 மீட்டர் ஓட்டத்துக்கு அரை மீட்டர் இறக்கம் வேண்டும். இந்த இறக்கம் கிடைக்காத அளவுக்குப் பின்மனை தாழ்ந்திருந்தால் பம்ப் வைக்காமல் முடியாது; அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

பத்திரத்தில் அடுத்தவருக்கான வழியுரிமை, குழாய் உரிமை ஏதும் உண்டா என்று பாருங்கள். வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

ஒன்று கவனம்: மனையைப் பிரித்துப் புது எல்லைக்கோடு போட்டதும் முன்வீட்டின் பின்பக்க இடைவெளி அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். குறைந்தபட்ச மனை அளவும் இடைவெளியும் ஊருக்கு ஊர் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டபிறகே முன்பணம் கொடுங்கள்.