பதில்: வேலையை விட்டுப் பவர் டேபிள் போடலாமா?

சூப்பர்வைசர் வேலையை விட்டு, கையில் இருக்கும் ஆறு லட்சத்தில் திருப்பூரில் பவர் டேபிள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், பத்து தையல் மெஷினோடு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் பத்து வேண்டாம். நான் மொத்தப் பணத்தையும் மெஷினில் முடக்கி மாட்டிக்கொண்டவன். டைலருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும்; தைக்கத் துணி கொடுத்த கம்பெனியோ 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று சொல்லும்.

பழைய மெஷின் நான்கு போதும். மீதியை எட்டு வாரக் கூலிக்கென்று தொடாமல் வையுங்கள். அப்புறம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு; அது இலவசம். பதிவு செய்த சிறு யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது என்பது வேறு கதை! அதனால் ஒரே கம்பெனியை நம்பாதீர்கள்.

லாபமா? எனக்கு மூன்றாம் வருஷம்தான் பழைய சம்பளத்தைத் தாண்டியது.