எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. அட்மின் என்ன செய்யலாம்?

கேட்டவர் சொல்வது இதுதான்: அறுபது வீடு, ஒரே குழு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியது, இப்போது தினம் ஒரு தகராறு. சண்டை போடுகிறவர்களை நீக்கிவிடலாமா, இல்லை அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி பூட்டிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். சென்னையில் ஒரு குடியிருப்பில் ஆறு வருடமாக அட்மினாக இருக்கிறேன், இரண்டையும் செய்து பார்த்தவன். அட்மின் மட்டும் எழுதும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. நாங்கள் இரண்டு வாரம் பூட்டி வைத்தோம். மூன்றாம் நாளே வேறொரு குழு தொடங்கிவிட்டார்கள், சண்டை அங்கே நடந்தது. ஒரு ராத்திரி மோட்டாரை அணைக்காமல் மேல்தொட்டி வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. பார்த்தவருக்குக் குழுவில் சொல்ல வழியில்லை.

எங்கள் குழுவில் நடந்த பெரிய சண்டை ஒரு காரை வைத்து வந்தது. காலை ஏழரைக்கு ஒருவர் படம் போட்டார், நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற படம், லிஃப்டுக்கு எதிரே வண்டி குறுக்கே நிற்கிறது. கீழே "இது யாருடையது? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?" என்று ஒரு வரி. ஐந்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்த வண்டிக்காரர் நள்ளிரவு தாண்டி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, சக்கர நாற்காலியில் மேலே ஏற்றிவிட்டு, வண்டியை நகர்த்தக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டார். எழுந்து போனைப் பார்த்தால் அறுபது வீட்டுக்கு முன்னால் "அறிவு வேண்டாமா". அவரும் சூடாக எழுதினார். அப்புறம் பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர் யார், சங்கத் தேர்தலில் யார் யார் பக்கம் நின்றார்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் என்ன பேச்சு என்று எல்லாப் பழைய கணக்கும் வெளியே வந்தது. மதியத்துக்குள் நூற்று நாற்பது செய்திகள். வண்டியை அவர் எட்டு மணிக்கே எடுத்துவிட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அவர் குழுவை விட்டு வெளியேறினார். அப்போதெல்லாம் யார் வெளியேறினாலும் எல்லோருக்கும் தெரியும். 2022-க்குப் பிறகுதான் அது அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாறியது. நான் அன்று முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டு, தானே அடங்கிவிடும் என்று சும்மா இருந்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

அங்கே வண்டி ஒரு பிரச்சினையே இல்லை. வாட்ச்மேனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் எவ்வளவு சாதுவான மனிதரும் திருப்பிக் கொடுக்கத்தான் பார்ப்பார். அதிலும் எழுத்தில் முகம் தெரியாது, குரல் தெரியாது, வெறும் "சரி" என்று போட்டாலே கோபமாக இருக்கிறாரோ என்று தோன்றும். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 1995 அக்டோபரில், வாட்ஸ்அப்புக்குப் பல வருடம் முன்னால், இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஆர்எஃப்சி 1855 என்று ஒரு ஆவணம் வந்தது. ஒருவரோடு கருத்து மோதினால் குழுவில் தொடராமல் அவருக்குத் தனியாக எழுது, உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு அனுப்பு என்று அதில் அப்போதே இருக்கிறது.

நாங்களும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தோம். வண்டி நம்பரோ வீட்டு நம்பரோ தெரிகிற படத்தை, சம்பந்தப்பட்டவருக்கு போன் செய்யாமல் போடக்கூடாது. இரண்டு பேர் மாறி மாறி மூன்று செய்தி போட்டுவிட்டால் நான் இருவருக்கும் போன் போடுவேன். குழுவில் எதுவும் எழுத மாட்டேன், போன்தான். "சார், நீங்க சொல்றது நியாயம்தான், நேர்ல பேசிடலாமா" என்றால் பாதிப் பேர் அதிலேயே இறங்கிவிடுவார்கள். செய்தியை அழிப்பதாக இருந்தாலும் முதலில் போன், ஏனென்றால் அட்மின் அழித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதுவும் ஒரு அவமானம். பெயின்ட் நிறம் மாதிரி விஷயங்களுக்கு வாக்கெடுப்பு வசதி போதும். குட்மார்னிங் படங்களுக்குத் தனிக் குழு.

முக்கியமாக, இந்த விதிகளைச் சண்டை இல்லாத நாளில் பொதுக்கூட்டத்தில் நேரில் பேசி முடிவு செய்யுங்கள். சண்டைக்கு நடுவில் விதி போட்டால் ஒருவர் பக்கம் சாய்ந்ததாகத்தான் தெரியும். உங்கள் நண்பர் மீறினாலும் அதே போன் போக வேண்டும்.

யாரோ போட்டதற்கு அட்மின் மேல் கேஸ் வருமா என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஒருவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரு வழக்கில் சொன்னது. அந்தப் பயத்தில் ஆட்களை நீக்க வேண்டாம்.

அந்த வண்டிக்காரர் இன்றுவரை குழுவுக்குத் திரும்பவில்லை. இரண்டு முறை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன், "வேண்டாம் தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். தண்ணீர் நிறுத்தும் நாட்களில் அவருக்கு மட்டும் நான் தனியாகச் செய்தி அனுப்புகிறேன்.