அமெரிக்காவுக்கு வந்த ஐரிஷ் தாத்தாவோட கூடப் பொறந்தவங்க, அவங்க வாரிசுங்க எங்க இருக்காங்கன்னு இப்பப் போய் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கேட்டவர் ஐரிஷ் வழி வந்த குடும்பத்துல கல்யாணம் பண்ணின நம்மாளாத்தான் இருக்கணும், இல்லன்னா தமிழ்ல இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாமியாரோ மாமனாரோ "எங்க தாத்தா அயர்லாந்துல கார்க் பக்கத்துல இருந்து வந்தாரு, கூடப் பொறந்தவங்க என்ன ஆனாங்கன்னே தெரியல"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க, உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது.

இங்க ஏற்கனவே வந்திருக்கிற பதில்ல ஒருத்தர் "வெள்ளைக்காரன் வம்சாவளிய நோண்டி உங்களுக்கு என்ன ஆகப்போகுது"ன்னு எழுதியிருக்காரு. ஐயா, என் பசங்களுக்கும் அவங்க பாட்டன் பூட்டன்தான். எங்க சொந்தக்காரங்களே "என்னடி, அங்க போயும் குலம் கோத்திரம் பாக்கறியா"ன்னு கேட்டு முடிச்சாச்சு, அதனால புதுசா யாரும் கேக்க வேண்டாம்.

முதல்ல சொல்ல வேண்டியது இதுதான். எல்லாரும் நேரா மேல போகப் பாப்பாங்க, தாத்தா, அவங்கப்பா, அவருக்கு அப்பான்னு. அயர்லாந்து விஷயத்துல அப்படிப் போனா சீக்கிரம் முட்டிக்கிட்டு நிப்பீங்க. 1922-ல உள்நாட்டுச் சண்டையில டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்துல இருந்த ஆவணக் காப்பகம் எரிஞ்சு போச்சு, 1821-ல இருந்து 1851 வரைக்குமான சென்சஸ் பெரும்பாலும் அதோட சாம்பல். 1881, 1891 சென்சஸை முதல் உலகப்போர் சமயத்துல அரசாங்கமே காகிதக் கூழாக்கிடுச்சு. 1922-க்கு முந்தின சென்சஸ்ல முழுசா தப்பிச்சது 1901, 1911 ரெண்டுதான். அதனால பக்கவாட்டுல போங்க. தாத்தாவோட அக்கா, தம்பி, தங்கச்சி வீட்டுக்காரர், இவங்க காகிதத்தைத் தேடுங்க. தாத்தா தன்னோட பேப்பர்ல சொந்த ஊர்னு "அயர்லாந்து"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிருப்பாரு, அக்கா பேப்பர்ல ஊரு, அப்பா, அம்மான்னு எல்லாம் இருக்கும்.

என் மாமியாரோட தாத்தா சல்லிவன், மாசசூசெட்ஸ்ல ஃபால் ரிவர் பஞ்சாலையில வேலை பாத்தவரு. (மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு வாயே வரல, இன்னிக்கு வரைக்கும் அத்தைன்னுதான்.) அத்தைக்குத் தெரிஞ்சதெல்லாம் "பேரா தீபகற்பம், கூடப் பொறந்தவங்க நிறைய பேரு" அவ்வளவுதான். பேரான்னா கார்க் கவுண்டியோட தென்மேற்கு மூலை, அங்க தடுக்கி விழுந்தா சல்லிவன், எழுந்தா ஹாரிங்டன். ஒரே வயசுல ஒரே கிராமத்துல ஏழெட்டு ஜான் சல்லிவன் இருப்பாங்க, ஏன்னா அங்கயும் மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேருன்னுதான் வைக்கிறது, அப்ப நாலு அண்ணன் தம்பி இருந்தா நாலு வீட்லயும் அதே பேருதான சுத்தி வரும். அதனாலதான் ஊர்ல ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பேரு வெச்சிருப்பாங்க.

தாத்தாவோட மரணப் பதிவுல அப்பா பேரு, அம்மா பேரு ரெண்டும் இருந்துச்சு, அம்மா ஹாரிங்டன் வீட்டுப் பொண்ணு. மாசசூசெட்ஸ்ல 1841-ல இருந்தே பிறப்பு இறப்பு மாநில அளவுல பதிவாகுது, அது ஒரு வசதி. அதை வெச்சுக்கிட்டு அயர்லாந்தோட 1911 சென்சஸ்ல தேடினா (டப்ளின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமா போட்டிருக்கு, ஒரு பைசா கட்டாதீங்க) வயசான புருஷன் பொண்டாட்டி, கூட ஒரே ஒரு மகன். அந்தப் படிவத்துல யாரும் கண்டுக்காத ஒரு பகுதி வலது பக்கம் இருக்கு: கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், உயிரோட பொறந்த குழந்தைங்க எத்தனை, இப்ப உயிரோட இருக்கிறவங்க எத்தனை. கிழவி பேருக்கு நேரா 9, அதுக்குப் பக்கத்துல 8. எட்டு பேரு உசுரோட இருக்காங்க, வீட்ல ஒருத்தன். மீதி ஏழு பேரும் எங்கேயோ போய்ட்டாங்க, அதுல ஒருத்தர்தான் எங்க ஃபால் ரிவர் தாத்தா. அத்தைக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன், "ஏழா? தாத்தா ரெண்டு பேரைப் பத்திதானே பேசுவாரு"ன்னாங்க. அமெரிக்காவோட 1900, 1910 சென்சஸ்லயும் இதே கேள்வி உண்டு, மறக்காம பாருங்க.

அப்புறம் பிறப்புப் பதிவு. அயர்லாந்துல 1864-ல இருந்து எல்லா மதத்துக்காரங்களுக்கும் கட்டாயம், அசல் பக்கத்தோட படமே ஐரிஷ் ஜீனியாலஜி தளத்துல சும்மா கிடைக்குது. ஆனா அந்தக் காலத்துப் பதிவுக்கு அட்டவணையில குழந்தை பேரு மட்டும்தான் வரும், அம்மா யாருன்னு பாக்க ஒவ்வொரு படமா திறக்கணும். சல்லிவன்னு தேடினா எத்தனை வரும்னு நெனச்சுக்கோங்க. கிராமத்துக்கும் கீழ டவுன்லேண்ட்னு ஒண்ணு, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு, அந்தப் பேரு தெரிஞ்சாத்தான் சரியான வீட்டைப் பிடிக்க முடியும். எனக்கு 1911 படிவத்துலயே அது இருந்துச்சு. ஒம்பது குழந்தைங்க பேரும் கிடைச்சுது. 1864-க்கு முன்னாடின்னா சர்ச் பதிவேடுதான், டப்ளின் தேசிய நூலகம் 2015-ல ஆன்லைன்ல ஏத்திச்சு, நிறைய இடத்துல லத்தீன்ல இருக்கும், ஜேம்ஸ் ஜேகபஸ் ஆகியிருப்பாரு, வில்லியம் குலியெல்மஸ் ஆகியிருப்பாரு, பயப்படாதீங்க.

அமெரிக்கப் பக்கம் முடிச்சை அவிழ்த்துக் குடுத்தது ஃபால் ரிவர் கத்தோலிக்கக் கல்லறை ஆபீஸ். தாத்தா புதைஞ்ச மனைக்கு ஒரு அட்டை வெச்சிருக்காங்க, மனையை வாங்கினவர் பேரு ஷே. யாருடா இந்த ஷேன்னு பாத்தா தாத்தாவோட அக்கா புருஷன்! அதே மனையில அக்காவும் இருக்காங்க. கல்லுல அவங்க பேரே இல்ல, அட்டையில மட்டும்தான் இருக்கு. அக்கா பேரும் செத்த தேதியும் கிடைச்சதும் பழைய நியூஸ்பேப்பர்ல இரங்கல் செய்தி தேடினேன், அதுல "சகோதரர், பியூட், மொண்டானா"ன்னு ஒரு வரி.

பியூட்னதும் எனக்குப் பொறி தட்டிடுச்சு. பேராவுல அல்லிஹீஸ்னு ஒரு செம்புச் சுரங்கம் இருந்துச்சு, அது நொடிச்சதும் அந்த ஆளுங்க கூட்டமா பியூட் செம்புச் சுரங்கத்துக்குப் போனாங்க, 1900 வாக்குல அந்த ஊர்ல கால்வாசி ஐரிஷ். 1917 ஜூன்ல அங்க ஸ்பெகுலேட்டர் சுரங்கத்துல தீப்பிடிச்சு 168 பேரு செத்தாங்க, நான் அந்தப் பட்டியலைத்தான் முதல்ல பாத்தேன், நம்மாளு அதுல இல்ல, அத்தை சிலுவை போட்டுக்கிட்டாங்க. ஆளு அதுக்கப்புறமும் சிட்டி டைரக்டரில (ஊர்க்காரங்க பேரு, தொழில், விலாசம் போட்ட புத்தகம்) வருஷா வருஷம் வர்றாரு, சுரங்கத் தொழிலாளின்னு போட்டு. அவருக்குப் பொண்ணுங்க மட்டும்தான். இங்கதான் நிறைய பேரு கைவிட்டுடுவாங்க, கல்யாணம் ஆனா பேரு மாறிடும்ல. அப்பாவோட இரங்கல் செய்தியிலயும் அம்மாவோட இரங்கல் செய்தியிலயும் "திருமதி இன்னார்"னு மருமகன் பேரு இருக்கும், அதை எடுத்துக்கிட்டு 1940, 1950 சென்சஸ்ல தேடணும்.

கூடப் பொறந்தவங்க வழியா போறதை நான் ஏதோ புதுசா சொல்றேன்னு நெனைக்காதீங்க. நியூயார்க்ல குடியேற வர்றவங்களைச் சோதிச்சு உள்ள விட்ட எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 திறந்தப்ப முதல்ல உள்ள போனது ஆனி மூர்னு கார்க்ல இருந்து வந்த பொண்ணு, கூட ரெண்டு தம்பிங்க, ஆண்டனி, ஃபிலிப். அந்த ஆனி டெக்சாஸ்ல செத்தாங்கன்னு ரொம்ப காலம் எல்லாரும் நம்பினாங்க. அந்த டெக்சாஸ்காரம்மா இல்லினாய்ல பொறந்தவங்க, கப்பலே ஏறாதவங்க! மேகன் ஸ்மோலென்யாக்ங்கிற வம்சாவளி ஆராய்ச்சியாளர் 2006-ல உண்மையான ஆனியைப் பிடிச்சாங்க, அவங்க நியூயார்க்கை விட்டே போகல. பிடிச்சது எப்படி? தம்பி ஃபிலிப்போட குடியுரிமைப் பத்திரம் கிடைச்சுது, 1930 சென்சஸ்ல அவர் மகள் பேரு கிடைச்சுது, அந்த மகளோட பையன் இன்னும் இருந்தாரு. தம்பி வழியா போய் அக்காவைப் பிடிச்சிருக்காங்க. ஆனியோட கல்லறைக்குக் கல்லு கூட இல்லாம இருந்துச்சு, 2008-லதான் வெச்சாங்க. எல்லிஸ் தீவுல அதிகாரிங்க பேரை மாத்திட்டாங்கன்னு வேற ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க, அவங்க கப்பல் பட்டியலை வெச்சு சரிபார்த்தாங்க, அவ்வளவுதான்.

பேருன்னதும் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லைன்னு எனக்கே தெரியும். 1870-கள்ல பொறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியை நான் கண்டுபிடிச்சுட்டேன், ஆனா நூறு வருஷம் கழிச்சு என்னை எவன் கண்டுபிடிப்பான்? எங்கப்பாவுக்கு ஒரு இனிஷியல், எனக்கு ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் ஒழுங்கா இல்லைன்னு விசாவுல என் பேருக்கு முன்னாடி எஃப்என்யூன்னு (முதல் பேரு தெரியலைன்னு அர்த்தம்) அடிச்சுக் குடுத்தான், ஒரு ஆபீஸ்ல அதையே என் பேரா வெச்சு "மிஸ் ஃபனு"ன்னு கூப்பிட்டாங்க. தாத்தாவோட தாத்தா பேரு கேட்டா எங்க வீட்ல யாருக்கும் தெரியல, பிறப்புப் பதிவு எடுக்கப் போனா "அந்த வருஷத்து நோட்டு கரையான் அரிச்சிடுச்சும்மா"ங்கறாங்க. சரி விடுங்க.

ஆன்லைன்ல மத்தவங்க போட்ட வம்ச மரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. எங்க சல்லிவன் குடும்பத்துக்கு ஒருத்தர் போட்ட மரத்துல அம்மாவுக்கு 8 வயசுல தலைப்பிள்ளை, அதையே வரிசையா எல்லாரும் காப்பி அடிச்சிருக்காங்க, சொன்னா கோவம் வேற வருது. உங்க குடும்பம் 1845 பஞ்ச காலத்துல வந்ததுன்னா நான் சொன்ன பாதி செல்லாது, அப்ப பாஸ்டன் பைலட் பத்திரிகையில வந்த "காணவில்லை" விளம்பரங்களைப் பாருங்க, 1831-ல இருந்து 1921 வரைக்கும் அண்ணனைத் தேடி தங்கச்சி, புருஷனைத் தேடி பொண்டாட்டின்னு ஆயிரக்கணக்குல போட்டிருக்காங்க, ஊர் பேரோட. நியூயார்க்னா எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க் பதிவேடு. கணக்கு வெச்சிருக்கிறவங்களை அடையாளம் கண்டுபிடிக்க அப்பா அம்மா, அண்ணன் தம்பி, வந்த கப்பல் எல்லாம் கேட்டு எழுதி வெச்சிருக்காங்க, நம்ம அதிர்ஷ்டம்.

உயிரோட இருக்கிற வாரிசுக்கு எழுதும்போது பாத்து எழுதுங்க. பியூட் தாத்தாவோட பேத்திக்கு முதல்ல என் பேர்ல எழுதினேன், சத்தமே இல்ல. அத்தை தன் கையெழுத்துல ஒரு கடுதாசி போட்டாங்க, உடனே போன் வந்துச்சு, அவங்க முதல் கேள்வியே "சொத்து விஷயமா?"ன்னுதான். இல்லைன்னு தெரிஞ்சதும் ரெண்டு கிழவிங்களும் ஒரு மணி நேரம் சிரிக்கிறாங்க. அப்புறம் டிஎன்ஏ எடுத்தாங்க, செகண்ட் கசின்னு (ரெண்டு பேரோட தாத்தாவும் கூடப் பொறந்தவங்க) பளிச்சுனு வந்துடுச்சு, அந்த உறவுக்கு அநேகமா தப்பாது, அதுக்கும் தள்ளிப் போனாத்தான் பொருந்தாம போக வாய்ப்பு. அதனால டிஎன்ஏ எடுக்கறதா இருந்தா உங்க பசங்களுக்கு எடுக்காதீங்க, வீட்ல இருக்கிறதுலயே வயசானவங்க யாரோ அவங்களுக்கு எடுங்க. தேங்க்ஸ்கிவிங் சமயத்துல எச்சில் சோதனை கிட் நல்ல தள்ளுபடியில வரும், அப்ப வாங்குங்க, எச்சில் துப்பறதுக்கு அரைமணி முன்னாடியே அவங்க கையில இருக்கிற டீயை வாங்கி வெச்சுடுங்க.