பதில்: ஜிங்பெங் கணவாய் மாடலில் இரண்டு எஞ்சினை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பரே. உங்கள் ரயில் மாடலில் ஒரு கியூஜே (சீன நீராவி எஞ்சின் வகை) முன்னால் இழுக்க, இன்னொன்று கடைசியில் தள்ளும்படி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜிங்பெங் கணவாய் வழியே போகும், சீனாவின் ஜிடோங் ரயில் பாதையின் படங்களில் நாம் பார்த்துப் பழகிய காட்சி, இரண்டும் முன்னாலேயே அடுத்தடுத்து, புகைபோக்கி முன்னோக்கி நிற்பதுதான்.

இரண்டு எஞ்சினிலும் தனித்தனிக் குழு. டீசல் எஞ்சின்கள் மாதிரி ஒரே கேபினிலிருந்து இரண்டையும் ஓட்ட முடியாது. முன் டிரைவர் விசில் கொடுப்பார், பின்னவர் பதில் விசில் கொடுத்து ரெகுலேட்டரை, அதாவது நீராவியைக் கட்டுப்படுத்தும் வால்வைத் திறப்பார். நீங்கள் சவுண்ட் டிகோடர் (மாடல் எஞ்சினில் ஓசை எழுப்பும் சாதனம்) போட்டிருப்பதால் இதைச் செய்து பாருங்கள். ஒரு விசில், சின்ன இடைவெளி, அடுத்த விசில், அப்புறம் நகர்வு. இரண்டின் 'சக் சக்' ஓசையும் ஒரே தாளத்தில் விழக் கூடாது. சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றுவதால் ஓசை சேரும், விலகும், மறுபடி சேரும். அந்த அழகுக்காகத்தான் உலகமே அங்கே கேமராவோடு போய்ப் பனியில் நின்றது!

இறக்கத்தில் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஏர் பிரேக்கில் இறங்குவார்கள். ஆகவே அங்கே கரும்புகை வேண்டாம்.

மாடலின் போர்டில் காட்சியின் ஆண்டாக '1990' என்று எழுதாதீர்கள். பாதையே திறந்தது 1995-இல்தான். மெயின் லைனில் நீராவி 2005 டிசம்பரில் ஓய்ந்தது. குளிர்காலக் காட்சி என்றால் வெண்ணிற நீராவி அடர்த்தியாக இருக்கட்டும். டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரி ஏற்றும் பெட்டி) நிலக்கரியைக் குவித்து வையுங்கள்.