38ஆம் வரியில் ஒளிந்திருக்கிற கவிதை

கேள்வி: அப்பா இறந்ததைப் பற்றி 60 வரியில் எழுதிய கவிதையை அனுப்பியிருக்கிறேன். தோழிகள் உருக்கம் என்கிறார்கள். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மனம் திறந்துதானே எழுதினேன்? இதற்கு மேல் வெளிப்படையாக எழுதினால் அம்மா வருத்தப்படுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. - கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: மனம் திறந்திருக்கிறீர்கள், ஆனால் 38ஆம் வரியில். 'நீங்க கடைசியா கூப்பிட்டப்ப நான் போனை எடுக்கலை' என்று அங்கே ஒரு வரி வருகிறது. அடுத்த வரியிலேயே 'காலம் கொடியது' என்று ஓடிவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி, சுடுகாடு, பழைய மொபெட், மழை எல்லாம் வந்துபோகின்றன. எதிலும் நாலு வரிக்கு மேல் நிற்கவில்லை. சொல்லக் கூசுகிற விஷயத்தை நெருங்கியதும் கை தானாக வேறு பக்கம் திரும்பிவிடும். கவனம் சிதறுவது பெரும்பாலும் அதனால்தான்.

குறுந்தொகை 25ஆம் பாட்டைப் படியுங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி. கூடியவன் பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒருத்தி. அவர்கள் கூடிய அன்று அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால் அதற்கு. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணீர் என்ற சொல்லே பாட்டில் இல்லை. ஒரு பறவையின் கால்வரை நினைவில் வைத்திருக்கிறவளுக்கு அந்த நாள் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

38ஆம் வரியைப் புதுத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். அந்த அழைப்பைப் பற்றி மட்டும் 10 நிமிடம் நிறுத்தாமல் உரைநடையில் எழுதுங்கள்: மணி என்ன, திரையில் என்ன பெயர் வந்தது, எடுக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். வலி, தனிமை, ரணம் மூன்றுக்கும் தடை. ('ரணம்' மட்டும் ஐந்து இடத்தில் வருகிறது.) எடுக்காத காரணம் அற்பமானதாக இருந்தால் அதை மெருகேற்றத் தோன்றும். மெருகேற்றாதீர்கள், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கவிதைக்கு உயிர் தரப்போவதே அந்த அற்பக் காரணம்தான். பிறகு 12 வரிக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு வாரம் போட்டுவைத்து, வாய்விட்டுப் படியுங்கள். கடைசி மூன்று வரியைக் கையால் மறைத்துப் பாருங்கள். தத்துவம் வந்து உட்காருகிற இடம் அது. இல்லாமலே கவிதை நின்றால் வெட்டிவிடலாம்.

அம்மா விஷயம். உங்கள் தவறைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் 45ஆம் வரியில் அப்பா வாங்கிய கடனையும், கொடுத்தவர் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடனுக்கு நாளைக்குப் பதில் சொல்லப்போவது அம்மா. காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. பெயரை எடுத்துவிடுங்கள், கவிதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றால் தனிக் கவிதையாக எழுதி, இதழுக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.