போட்டி என்றால் கால் தடுமாறுகிறது, மாத்திரை போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பிளஸ் ஒன் படிக்கிறேன். நீளம் தாண்டுதலில் பயிற்சியின்போது 4.80 மீட்டர் வரை தாண்டுகிறேன். ஆனால் போட்டிக்காகத் தருமபுரி வந்து இறங்கினாலே ‘உன்னால் முடியாது’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை ஜில்லிடுகிறது, வயிறு கலக்குகிறது. போன முறை மூன்று தாண்டலும் ஃபவுல். என் பெரியம்மா படபடப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் பாதி போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?

பதில்: வேண்டவே வேண்டாம் கண்ணு. அது அநேகமாக புரொப்ரனலால் வகை மாத்திரையாக இருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. முழு வேகத்தில் ஓட வேண்டிய உனக்கு அதுவே இடைஞ்சல். வீசிங் இருப்பவர்களுக்கு ஆபத்தும்கூட. கை நடுங்கக் கூடாத வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்ற போட்டிகளில் அதைத் தடையே செய்திருக்கிறார்கள்.

பயிற்சியில் நன்றாகத் தாண்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு நிம்மதி தந்தது அதுதான். ரத்தசோகை என்றால் பயிற்சி நாளிலும் மூச்சு வாங்கும், கால் கனக்கும். இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடு. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாதே. (எறிகிறீர்கள் என்று தெரியும்.) ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தாலும், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், அடுத்த பயிற்சிக்கு முன்பே டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்தாக வேண்டும்.

சரி, படபடப்புக்கு வருவோம். போட்டி என்றதும் அட்ரினலின் சுரக்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. கை ஜில்லிடுவதும் வயிறு கலக்குவதும் அதனால்தான். உடம்பு தாண்டத் தயாராகிறது, நீ அதற்குப் பயம் என்று பெயர் வைக்கிறாய்.

ஃபவுலுக்கு நான் சந்தேகப்படுவது படபடப்பை அல்ல, உன் கண்ணை. கடைசி நாலைந்து எட்டில் குனிந்து, கால் ஊன்றித் தாண்ட வேண்டிய பலகையைத் தேடியிருப்பாய். அதன் அகலமே 20 சென்டிமீட்டர்தான். தேட ஆரம்பித்தால் எட்டு குறுகும் இல்லை நீளும், வேகம் போகும், கால் கோட்டைத் தாண்டும். பயிற்சியில் உடம்பு தானாகச் செய்கிற வேலைக்குப் போட்டியில் நீ மேஸ்திரியாகப் போய் நிற்கிறாய்.

ஹவுஸ் சர்ஜனாக முதல் தையல் போட்டபோது எனக்கும் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, “அடுத்த தையல மட்டும் பாருங்க டாக்டர்” என்றார். நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் காயம் மூடியது. ‘உன்னால் முடியாது’ என்கிற அந்தக் குரலோடு நீ வாதாடாதே. ‘முடியும் முடியும்’ என்று கத்தினால் அதுவும் பதிலுக்குக் கத்தும். மனசுக்கு ஒரு வேலை கொடு. ஓட்டத்தைத் தொடங்கும் இடத்தில் நின்று, நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. மூன்று முறை போதும். அப்புறம் உன் பெயரைச் சொல்லி, ‘நிமிர்ந்து ஓடு’ என்று உனக்கே சொல். கண் மணல்குழிக்கு அப்பால் இருக்கட்டும். பலகையில் கால் சரியாக விழுகிறதா என்பது உன் பி.டி. சார் பயிற்சியிலேயே டேப் வைத்து அளந்து சரிசெய்ய வேண்டிய விஷயம்.

இதைப் போட்டியன்று முதல்முறையாகச் செய்தால் பலிக்காது. வாரம் ஒரு நாள் தோழிகளை வரிசையாக நிற்க வைத்து, கைதட்டிக் கூச்சல் போடச் சொல்லி, மூன்றே தாண்டல் தாண்டு. ஃபவுல் ஆனால் ஆனதுதான், நாலாவது வாய்ப்பு கிடையாது.

போட்டி இல்லாத நாளிலும் இந்தக் குரல் தூக்கத்தைக் கெடுத்தால், படிக்க விடாமல் செய்தால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வயிற்றுக் கலக்கத்துக்கு இன்னொன்று: போட்டியன்று காலையில் களி வேண்டாம், முந்தின ராத்திரியே சாப்பிட்டுவிடு. காலையில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு நாலு இட்லி, சட்னியில் காரம் குறைவாக.